பத்து சென்ட் வேலிமசால்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பம் பக்கம் வீட்டோடு ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்குப் பொங்கல் கழிந்ததும் ஒரு கவலை வந்துவிடும். பச்சைத் தீவனம் எங்கே கிடைக்கும்? நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. அதன்பின் பல மாதங்களுக்கு வைக்கோலும் புண்ணாக்கும்தான். பால் விற்ற காசில் பெரும்பகுதி தீவனக் கடைக்கே திரும்பிப் போய்விடும்.

வைக்கோல் மட்டும் போட்டால் ஏன் போதவில்லை? அதன் உலர்ந்த எடையில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்க வைக்கின்றன. அவை பெருக நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவற்றின் வேலை தளர்கிறது. நார் வயிற்றிலேயே தங்கிவிடுவதால் மாடு தின்பதையும் குறைத்துக்கொள்கிறது. சோற்றுக்குப் பருப்பு சேர்ப்பதுபோல வைக்கோலோடு பயறுவகைத் தீவனம் சேர்ந்தால், அதே வைக்கோலிலிருந்தும் கூடுதல் சத்து கிடைக்கும்.

பயறுவகையில் பல ஆண்டு நின்று பலன் தருபவற்றில் முக்கியமானவை குதிரைமசாலும் வேலிமசாலும். குதிரைமசால் அருமையான தீவனம்தான். ஆனால் அதற்கு இதமான தட்பவெப்பம் வேண்டும், தண்ணீரும் நிறைய வேண்டும். ஈரத்தோடு தனியாக அதிகம் போட்டால் மாட்டுக்கு வயிறு உப்பும். சவுதி அரேபியாவின் பால் நிறுவனமான அல்மராய், 2014-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் குதிரைமசாலுக்காக நிலம் வாங்கியது. பாலைவனத்து நிலத்தடி நீரை இறைத்துத் தீவனம் வளர்த்ததில் சொந்த நாட்டு நீர் வற்றியதே காரணம். போர் தண்ணீரை நம்பியிருக்கும் நாம் இதை மறக்கக்கூடாது.

நம் வெயிலுக்கு வேலிமசால்தான் ஏற்றது. ஆழமாக வேர்விடும் செடி. உலர்ந்த எடையில் சுமார் 20 சதவீதம் புரதம் உண்டு, வயிற்று உப்புசமும் வராது. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்வதால் யூரியாச் செலவும் குறைவு.

கணக்கைப் பார்ப்போம். இறவையில் நன்றாகப் பராமரித்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 80 முதல் 100 டன் பசுந்தீவனம் கிடைக்கும். பத்து சென்ட்டுக்கு 3 டன்னுக்கு மேல், அதாவது நாளுக்குச் சுமார் 9 கிலோ. ஒரு கறவை மாட்டுக்குத் தேவையான பயறுவகைப் பங்குக்கு இது தாராளம். மீதிக்குக் கம்பு நேப்பியர் புல்லும் வைக்கோலும் போதும்.

விதை பத்து சென்ட்டுக்கு 800 கிராம் தேவை. விதையின் தோல் கடினமானது, அப்படியே போட்டால் சரியாக முளைக்காது. கொதித்த நீரை இறக்கிவைத்து, சில நிமிடம் ஆறியபின் விதையை ஐந்து நிமிடம் போட்டு வடியுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறட்டும். தண்ணீர் தேங்காத நிலத்தில் தொழு உரமிட்டு, 50 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதையுங்கள். விதைத்த அன்றும் மூன்றாம் நாளும் தண்ணீர் கட்ட வேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை போதும். ஆலைக் கழிவு கலந்த நீரை மட்டும் பாய்ச்சவே கூடாது.

முதல் அறுப்பு 90-ஆம் நாள், அடுத்தடுத்த அறுப்பு 40 நாளுக்கு ஒருமுறை. தரையோடு அறுக்காமல் அரை மீட்டர் விட்டு அறுத்தால்தான் நன்றாகத் துளிர்க்கும். நிலத்தை நாற்பது பாத்தியாகப் பிரித்து நாளுக்கு ஒரு பாத்தி அறுத்துவந்தால், கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி மறுபடி தயாராக இருக்கும்.

சந்தேகம் கேட்க வெகுதூரம் போக வேண்டாம். அலமாதியில் மத்திய அரசின் மண்டலத் தீவன நிலையம் இருக்கிறது. மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் முதல் அறுப்பு. மழை நின்று ஊரெல்லாம் காயும்போது உங்கள் மாட்டுக்குப் பச்சை இருக்கும். பத்து சென்ட் இல்லையென்றாலும் இரண்டு சென்ட்டில் இந்த ஆண்டே தொடங்குங்கள்.