வீட்டில் ஒலிக்கும் பாட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு!

டிசம்பர் பிறந்தால் போதும், ‘இந்த வருடம் நீங்கள் அதிகம் கேட்டது இவரைத்தான்’ என்று செல்போன் கணக்கு காட்டும். 2016 முதல் ஆண்டுதோறும் இப்படிப் பட்டியல் தருகிறது ஸ்பாட்டிஃபை. ஆனால், சமையலறை ரேடியோவில் அம்மா கேட்டதும், டேப் ரெக்கார்டரில் தாத்தா போட்ட கேசட்டும் அந்தப் பட்டியலில் வராது. குழந்தையைச் சாப்பிட வைக்க அப்பாவின் போனில் திரும்பத் திரும்ப ஓடிய ரைம்ஸ், அப்பாவின் விருப்பப் பாடலாகிவிடும்!

ஆப்களும் நிரந்தரமில்லை. கூகுள் ப்ளே மியூசிக் 2020-லும், விங்க் மியூசிக் 2024-லும் மூடப்பட்டன. அப்படியானால், நம் வீட்டுக் கணக்கை நாமே எழுதினால் என்ன?

மாணவர் போட்ட பிள்ளையார் சுழி

2002-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸ், கணினியில் ஓடும் பாடல்களைத் தானாகக் குறித்துக்கொள்ளும் ‘ஆடியோஸ்க்ராப்ளர்’ என்ற கருவியை உருவாக்கினார். பிறகு அது லாஸ்ட்.எஃப்எம் தளத்துடன் இணைந்தது. பாதிப் பாட்டு அல்லது 4 நிமிடம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடினால்தான் அங்கே ‘கேட்டதாக’க் கணக்கு. ஸ்பாட்டிஃபைக்கு 30 விநாடியே போதும். உங்கள் வீட்டில் எது ‘கேட்டது’ என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

எப்படிச் செய்வது?

* கூகுள் ஃபார்மில் மூன்றே கேள்விகள்: என்ன பாட்டு, எதில் ஓடியது, யார் கேட்டது? தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். கேள்விகள் கூடினால் ஒரே வாரத்தில் சலித்துவிடும்.

* ஆல்பத்தின் பெயரை முன்கூட்டியே நிரப்பிய ஃபார்ம் லிங்க்கை க்யூ.ஆர் கோடாக்கி, கேசட் டப்பாவில் ஒட்டுங்கள். ஸ்கேன் செய்து அனுப்பினால் வேலை முடிந்தது.

* ரேடியோவில் ஒவ்வொரு பாட்டையும் எழுத முடியாது. ‘காலை 6 முதல் 6.30’ என்று மொத்தமாகக் குறித்தால் போதும்.

* ஃபார்மை கூகுள் ஷீட்டுடன் இணையுங்கள். ‘பிவட் டேபிள்’ வசதி, யார் எதை எத்தனை முறை கேட்டார்கள் என்று கூட்டித் தரும். ஆண்டுக்கொரு முறை நகல் எடுத்து வையுங்கள்.

* ஸ்பாட்டிஃபையில் விண்ணப்பித்தால், கேட்ட வரலாற்றை ஃபைலாகவே வாங்கலாம்.

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ‘மலோஜா’ மென்பொருளை நிறுவி, டிஜிட்டல் பாடல்களைத் தானாகவே பதிய வைக்கலாம்.

வேவு பார்க்க அல்ல!

பரீட்சை நேரத்தில் மகள் எத்தனை பாட்டு கேட்டாள் என்று துருவ இந்த ஷீட்டைத் திறந்தால், மறுநாளே அவள் பதிவதை நிறுத்திவிடுவாள். விருப்பமுள்ளவர் எழுதட்டும்.

நாம் போனில் கேட்பதைக் குறித்துவைக்க கம்பெனிகள் இருக்கின்றன. தாத்தாவும் பாட்டியும் எந்தப் பாட்டை விரும்பிக் கேட்டார்கள் என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் எழுதி வைக்க வேண்டும். அவர்களின் பெயரிலேயே முதல் வரியைத் தொடங்கலாமே!