கிடந்த வேனும் கேட்ட விலையும்

2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, பிறகு கிடைக்காமலே போனபோது, என் பழைய காபரேற்றர் வேனைக் கோமாரி வீட்டுத் தென்னையடியில் நிறுத்தினேன். கியூ.ஆர். முறை 2023 செப்டெம்பரில் நீங்கிய பிறகுதான் தொட்டேன். அயல்வீட்டுப் பற்றரியைக் கொழுவித் திறப்பைத் திருகினால் எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை.

பார்க்க வந்த புரோக்கர், "காக்கா, எஞ்சின் செத்திட்டு, இரும்பு விலைதான் வரும்" என்றார். விற்கவும் சம்மதித்துவிட்டேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து தடைப்பட்டு, பழைய வாகனங்களுக்கு நல்ல கிராக்கி இருந்த நேரம். அது அவருக்குத் தெரியாததா?

நல்லகாலம், அக்கரைப்பற்று மெக்கானிக் தம்பி ஒருவரிடமும் காட்டினேன். "சுத்துற எஞ்சின் எப்படி சாகும்?" என்றார். டேங்கை மணந்து பார்த்தார், வார்னிஷ் மணம். கெட்ட பெற்றோலை முழுதாக இறக்கினார். காபரேற்றர் கிண்ணம் வற்றி, அடியில் பிசின் படிந்து, ஜெற்றின் துவாரம் அடைபட்டிருந்தது. கழுவிக் காற்றடித்தார். கடற்காற்றில் பூத்திருந்த பொயின்றைத் தேய்த்தார். பிளக்குகளைக் கழற்றி சிலிண்டருக்குள் சில சொட்டு ஓயில் விட்டார்.

புதுப் பெற்றோலை நான் காபரேற்றர் வாய்க்குள் ஊற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்: "பின்னுக்கு அடிச்சா முகம் வெந்திரும் காக்கா." எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் பெற்றோலை இழுக்கும். ஆகவே பத்து செக்கன் சுற்றி, ஒரு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிட்டு, மறுபடி சுற்றினோம். சோக்கை இழுத்து ஆறாவது தடவையில் புகையோடு பற்றியது.

மறுநாள் அதே புரோக்கர் இரண்டு மடங்கு விலையோடு வந்தார். வேன் பொத்துவிலுக்குத் தேங்காய் ஏற்றிப் போயிருந்தது.