ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு குரல்

மாணவர் பேரவை என்றதும் நம் கண்முன் தோன்றுவன தேர்தல் ஆரவாரமும் விழா மேடையுமே. ஆனால் பேரவை விழா நடத்தும் குழு மட்டுமன்று. மாணவர் தம் குறைகளை நிர்வாகத்தின் முன் வைக்கும் வாயிலும் அதுவே. இவ்வாயில் யாருக்கு மிகவும் தேவை? ஆராய்ச்சி மாணவருக்கே என்பது என் கருத்து.

இளங்கலை வகுப்பில் அறுபது பேர் ஒன்றாக அமர்ந்திருப்பர். ஒருவருக்கு நேர்ந்த குறை பெரும்பாலும் அனைவருக்கும் நேர்ந்த குறையே. எல்லோரும் சேர்ந்து சென்று துறைத் தலைவரைக் காணலாம். ஆராய்ச்சி மாணவரோ தனியர். அவருடைய தலைப்பும் தனி, நெறியாளரும் ஒருவரே. ஆய்வேட்டின் இயல்கள் மாதக்கணக்கில் திருத்தப்படாமல் கிடந்தால் அவர் யாரிடம் முறையிடுவார்? எவருடைய கையொப்பமின்றிப் பட்டம் இல்லையோ, அவரைப் பற்றியே அல்லவா முறையிட வேண்டும்? ஆகவேதான் அவருக்காகப் பேச வேறொருவர் வேண்டும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு புதுதில்லியில் உள்ளது. 1969இல் தொடங்கிய ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முதுகலையும் ஆராய்ச்சியும் பயில்வோரே மிகுதி. அங்கு மாணவர் சங்கத்திற்குத் தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் என நால்வரை அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களோடு ஒவ்வொரு புலத்திற்கும் தனி உறுப்பினர்கள் உண்டு. தேர்தலை நடத்தும் ஆணையமும் மாணவர்களைக் கொண்டதே.

இம்முறைக்கும் ஒரு சோதனை வந்தது. மாணவர் தேர்தல்களைச் சீர்செய்ய, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு பரிந்துரைகள் அளித்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செயற்படுத்த ஆணையிட்டது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. பணபலத்தைத் தடுக்கும் இவ்விதிகளை யாரும் குறை கூறார். ஆனால் 75 விழுக்காடு வருகைப்பதிவு, ஆராய்ச்சி மாணவருக்கு 28 வயது வரம்பு, சங்கப் பொறுப்புக்கு ஒரே ஒரு முறை போட்டி ஆகியவை வகுப்பறை மாணவரை மனத்திற்கொண்டு தைத்த சட்டைகள். நூலகத்திலும் களத்திலும் பல ஆண்டுகள் உழைக்கும் ஆய்வாளருக்கு அவை பொருந்துமா? விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008இல் அப்பல்கலைக்கழகத் தேர்தலுக்குத் தடை விழுந்தது. சில தளர்வுகளுக்குப் பின், 2012 மார்ச்சில்தான் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது.

குரல் இருந்தால் என்ன பயன் என்று கேட்கலாம். தேசியத் தகுதித் தேர்வு வழியாக உதவித்தொகை பெறாமல் மத்திய பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோருக்கு, மாதந்தோறும் எம்.ஃபில்.லுக்கு 5,000 ரூபாயும் பிஎச்.டி.க்கு 8,000 ரூபாயும் வழங்கப்பட்டு வந்தன. 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு இதனை நிறுத்த முடிவு செய்தது. மாணவர் சங்கத்தினரும் பிற மாணவர் அமைப்பினரும் குழுவின் அலுவலகத்தின் முன் திரண்டனர். உதவித்தொகை தொடரும் என அமைச்சகம் அறிவிக்க நேர்ந்தது. தனியொரு ஆய்வாளர் விண்ணப்பம் எழுதியிருந்தால் அது கோப்பிலேயே உறங்கியிருக்கும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது பழமொழி. தனித்து அழும் பிள்ளையின் குரல் வீட்டார் செவியில் விழ வேண்டுமே! நம் அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றிலும் இன்று ஆராய்ச்சித் துறைகள் உள்ளன. பேரவையில் ஆய்வாளருக்கென ஓர் இடம் ஒதுக்கினால் செலவொன்றும் இல்லை. ஆய்வைப் பாதியில் விட்டுச் செல்வோர் சிலரேனும் தங்குவர். மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.