கிட்டய்யா போன சொர்க்கம்

793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடம் சூறையாடப்பட்டதிலிருந்து வைக்கிங் காலத்தைக் கணக்கிடுவது வழக்கம். அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் ஆட்சியில், இன்றைய பெங்களூரின் ஹெப்பாளில் கிட்டய்யா என்றொருவன் தாக்க வந்தவர்களை எதிர்த்து உயிரை விட்டான். அவனுக்குக் கல் நட்டார்கள்.

களத்தில் விழுந்தவன் எங்கே போவான்? அந்த நூற்றாண்டுகளில் வடகடல் ஓரத்தாரும் நம் பக்கத்தாரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள். வடகடலாரின் தெய்வம் ஓடின் அனுப்பும் வால்கிரிப் பெண்கள் வீரரைத் தேர்ந்தெடுத்து வல்ஹல்லா மண்டபத்துக்கு அழைத்துப் போவார்கள். சுவீடனின் கோட்லாந்துத் தீவில் கிடைத்த த்யாங்விதே கல்லில், எட்டுக்கால் குதிரையில் ஒருவன் வர, ஒரு பெண் மதுக்கொம்பை நீட்டி வரவேற்கிறாள். கன்னட நாட்டு வீரக்கற்களைக் கீழிருந்து மேலே பார்த்துப் போக வேண்டும். அடியில் சண்டை. நடுவில் தேவமகளிர் இருபுறமும் தாங்கி வீரனைத் தூக்கிச் செல்கிறார்கள். மேலே அவன் சிவலிங்கத்தின் அருகே இருக்கிறான். சூரியனும் சந்திரனும் சாட்சி.

இந்தப் பெருமை மனிதருக்கு மட்டும் உரியதல்ல. பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆதகூர்க் கல் 949ஆம் ஆண்டுக்குரியது. தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்த செய்தியைச் சொல்வதும் அதுவே. ஆனால் கல்லில் செதுக்கப்பட்டிருப்பது காளி என்ற வேட்டை நாய், காட்டுப்பன்றியோடு மோதும் காட்சி. இரண்டும் செத்தன, நாய்க்குக் கல்லும் வழிபாட்டுக்கு நிலமும் கிடைத்தன. சோழர் தோல்வியைப் படிக்கப் போகும் தமிழர் எவரும் அந்த நாயின் முன் சற்று நின்றுவிட்டே நகர்வார்கள்.

வடகடல் ஓரத்தாரின் கதைகளை ஐஸ்லாந்தின் ஸ்னோரி 1220 வாக்கில் எழுதி வைத்தார். அவை சினிமாவாகவும் கணினி விளையாட்டாகவும் பெங்களூருக்கே வந்துவிட்டன. வல்ஹல்லாவைத் தெரிந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். கிட்டய்யாவைத் தெரிந்தவர்கள் சிலர்தான். இது எனக்கு வலிக்கிறது. ஏனென்றால் இங்கே கதையோடு ஆளின் பெயரும், அரசன் பெயரும், சண்டையின் காரணமும் அதே கல்லில் இருக்கின்றன. பேகூர் நாகேஸ்வரர் கோயில் கல், சுமார் 890இல் நடந்த பெங்களூர்ச் சண்டையில் புட்டண செட்டி மாண்டதைச் சொல்கிறது. நகரத்தின் பெயருக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றே ஒரு சாவுச் செய்திதான்.

லூயிஸ் ரைஸ் 1905இல் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்தபோது இத்தகைய கற்கள் ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் நின்றன. அந்த வயல்கள் மனைகளாயின. எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போன கற்களில் சில மஞ்சள் குங்குமத்தோடு பெயரில்லாத சாமிகளாகி, அதனாலேயே தப்பின. பல தொலைந்தன.

கிட்டய்யாவின் கல் 2018இல் ஹெப்பாளில் வெளிப்பட்டது. இப்போது அதற்கென்று மண்டபம் இருக்கிறது. 2021 முதல் மிதிக் சொசைட்டி நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. கண்ணுக்கும் விரலுக்கும் பிடிபடாமல் தேய்ந்த எழுத்துகள், திரையில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது தெரிகின்றன. ரைஸ் காலத்துப் பாடங்களில் விட்டுப்போன இடங்களை இப்படி நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.