எல்லைநிலை ஆளுமைக் கோளாறு: சிகிச்சை முறைகளின் ஒப்பீடு

உறவு கைவிட்டுப் போய்விடுமோ என்ற தீராத அச்சம், ஒரே நாளில் பலமுறை புரளும் மனநிலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் ஆகியவை எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றின் அடையாளங்கள். இந்நோயையே குணமாக்கும் மருந்து எதுவும் இல்லாததால், உரையாடல் வழியாக நடைபெறும் உளச்சிகிச்சையே இதற்குரிய முதன்மை மருத்துவமாக இருந்துவருகிறது.

அவ்வகைச் சிகிச்சைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக டி.பி.டி. நோயாளியை உள்ளபடியே ஏற்பதும், அவர் மாறியாக வேண்டும் என்று வலியுறுத்துவதும் முரண்பட்டவையாகத் தோன்றினாலும், இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்வதே இதன் அடிப்படை என்பதால் இப்பெயர் அமைந்தது. வாரந்தோறும் ஒரு தனி அமர்வும் ஒரு குழுப் பயிற்சி வகுப்பும் உண்டு. நெருக்கடி வேளையில் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கலாம். நோயாளி ஓர் அட்டையில், காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் அன்றன்று எவ்வளவு வலுவாக எழுந்தது என்பதை 0 முதல் 5 வரையிலான எண்ணால் குறித்துவர, தனி அமர்வு அந்த அட்டையைப் பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறது. லினஹான் தாமே பதின்பருவத்தில் இத்தகைய வேதனையோடு மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தவர் என்பதை 2011இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். இம்முறையில் காணும் கனிவுக்கும் கண்டிப்புக்கும் அதுவே வேர் எனலாம்.

லண்டனில் ஆந்தனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் வகுத்த முறை, தன் மனத்திலும் பிறர் மனத்திலும் என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்தறியும் ஆற்றலைப் பலப்படுத்த முனைகிறது. அந்த ஆற்றலே மென்டலைசேஷன் எனப்படும். சிகிச்சையாளர் கடிகாரத்தை நோக்கியவுடன், ‘என்னை வெறுக்கிறார்’ என்று நோயாளி முடிவுகட்டிவிட்டால், பேச்சு அங்கேயே நிறுத்தப்பட்டு, அப்பார்வைக்கு வேறு என்ன காரணங்கள் இருக்கலாம் என்று இருவரும் சேர்ந்து ஆராய்வர். அதே கணத்தை, சிகிச்சையாளர்மீது நோயாளி ஏற்றிப்பார்க்கும் அன்பும் வெறுப்பும் இணையாமல் பிளவுபட்டிருப்பதன் சான்றாகக் கொண்டு விளக்குவது ஓட்டோ கெர்ன்பெர்க்கின் வழி. ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சையோ குழந்தைப் பருவத்தில் நிறைவேறாத தேவைகளைத் தேடிச் செல்கிறது. பின்னிரண்டையும் 3 ஆண்டுகள் ஒப்பிட்டு 2006இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இரண்டுமே பயன் தந்தன. எனினும் ஸ்கீமா முந்தியது, சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் அதில் குறைவு.

ஆயினும் மிகுந்த கவனத்துக்குரியது, கனடாவின் டொரோண்டோவில் 180 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வே. ஓராண்டு டி.பி.டி. பெற்றவர்களும், இந்நோயில் அனுபவமுள்ள மனநல மருத்துவர்களிடம் ஒழுங்கான பொதுச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறினர். தற்கொலை முயற்சிகளும் தன்காயங்களும் இரு பிரிவிலும் குறைந்தன. எனவே, சிறப்புப் பயிற்சி பெற்றவர் ஊரில் இல்லை என்பதைக் காரணம் காட்டி, இந்நோயாளிகளைச் சிகிச்சையின்றித் திருப்பி அனுப்புவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.