பெட்டிக்குள் ஒரு கோடு

1545-ல் புனித சவேரியார் சாந்தோமில் சில மாதங்கள் தங்கியிருந்தார். முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழிலேயே மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். தோமையார் கல்லறையில் வேண்டிக்கொள்ள இங்கே வந்தார். இங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே 1547-ல் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். நீங்கள் ஏன் மேலிருந்து கீழாக எழுதுகிறீர்கள் என்று அவரிடம் கேட்டார். மனிதனுக்குத் தலை மேலேயும் கால் கீழேயும்தானே இருக்கின்றன என்றாராம் அஞ்சிரோ. சவேரியாரே கடிதத்தில் எழுதிவைத்த பதில் இது. எனக்கு மிகவும் பிடித்த பதிலும்கூட.

1549 ஆகஸ்டில் அஞ்சிரோவுடன் ககோஷிமாவில் இறங்கினார். கடவுளை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது? அஞ்சிரோ கொடுத்த சொல் ‘டைனிச்சி’.

சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்துமுறையான கான்ஜியில் இதற்கு இரண்டே எழுத்துகள். இன்று ஜப்பானியம் படிக்க உட்காருபவர் தொடக்கத்திலேயே எழுதிப் பழகுபவை. முதலாவது, கைகளை அகல விரித்து நிற்கும் மனிதன்: ‘பெரிய’. இரண்டாவது, நடுவில் படுக்கைக்கோடு போட்ட பெட்டி: ‘சூரியன்’, ‘நாள்’. இதற்கு முதலில் இடப்பக்கக் கோடு, அடுத்து மேல்கோடும் வலப்பக்கமும் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பு, பிறகு நடுக்கோடு, கடைசியாகத்தான் அடியை மூட வேண்டும். புதிதாகப் படிப்பவரின் கை பெட்டியை முதலில் மூடிவிடத் துடிக்கும்.

பெரிய சூரியன். கடவுளுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் அது ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் மகாவைரோசன புத்தரின் பெயர். இந்தியாவிலிருந்து போனது, சீனத்தில் அதன் பொருளை எடுத்து இரண்டு எழுத்தில் அடக்கினார்கள். ‘வைரோசன’ என்ற ஒலி மறைந்துவிட்டது. அஞ்சிரோவும் கான்ஜி அதிகம் படித்தவரல்ல. விஷயம் புரிந்ததும் 1551-ல் சவேரியார் அந்தச் சொல்லைக் கைவிட்டு, லத்தீன் ‘தேயுஸ்’ என்ற சொல்லுக்கே திரும்பினார்.

கான்ஜியின் அதிசயமும் சிரமமும் இதுதான்: எழுத்து பொருளைப் பிடித்துக்கொள்ளும், ஒலியைப் போக விடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ‘நிச்சியோபி’ என்று பெயர். மூன்று கான்ஜி, முதலிலும் கடைசியிலும் அதே பெட்டி. முதலில் அது ‘நிச்சி’, கடைசியில் ‘பி’! நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. பழைய பத்திரத்தில் ௵ என்ற குறியைப் பார்த்தால் ‘வருடம்’ என்றும் வாசிக்கலாம், ‘ஆண்டு’ என்றும் வாசிக்கலாம். ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள கான்ஜிகளோ 2,136.

1598-ல் சவேரியாரின் இயேசு சபையினர் ஜப்பானில் ‘ராகுயோஷூ’ என்ற கான்ஜி அகராதியை அச்சிட்டார்கள். சீனவழி ஒலி, ஜப்பானியச் சொல், எழுத்தின் உருவம் என எந்த வழியிலும் அதில் தேடலாம். எப்படி வாசிப்பது என்று எழுத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக, ஒலியை மட்டும் குறிக்கும் கனா எழுத்தில் போட்டிருந்தார்கள். சவேரியார் இறந்து அப்போது 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.