இரத்தக் குழாய்க்கு வழிகாட்டும் வலை



சர்க்கரை நோயாளி ஒருவரின் காலில் சிறு புண். மாதக்கணக்கில் கட்டுப் போட்டும் ஆறவில்லை. அவருடைய கண்ணிலோ வேண்டாத புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துப் பார்வையைக் கெடுக்கின்றன. ஒரே சரீரத்தில் ஏன் இந்த முரண்பாடு?

நமது உயிரணுக்களைச் செங்கற்கள் என்றால், அவற்றின் இடையே உள்ள வலை போன்ற பொருளைச் சாந்து எனலாம். கொலாஜன், லாமினின், ஃபைப்ரோநெக்டின் ஆகிய புரதங்களும், ஹெப்பரான் சல்பேட் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளும் இந்த வலையில் உண்டு. இது வெறும் தாங்குபொருள் அல்ல. இரத்தக் குழாய் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது.

காயம் பட்டதும் உறைந்த இரத்தம் ஃபைப்ரின் வலையாகிறது. குழாயின் அணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு முன்னேறுகின்றன. வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் ஹெப்பரான் சல்பேட்டில் ஒட்டிச் சேமிக்கப்பட்டிருக்கும். நொதிகள் வலையை அளவாக அறுக்கும்போது அது விடுபட்டு அணுக்களை அழைக்கிறது. வேலை முடிந்தபின் லாமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் குழாயைச் சுற்றி உறையாகி அதை நிலைப்படுத்துகின்றன.

ஆறாத புண்ணிலோ அந்த நொதிகள் அளவு மீறி, பற்றிக்கொள்ள வேண்டிய வலையையே அரித்துவிடுகின்றன. செத்த சதையை அகற்றிப் புண்ணைச் சுத்தம் செய்வது இதனாலும் அவசியமாகிறது. கண்ணில் நடப்பது வேறு. நுண்குழாய்கள் அடைபட்டு, பிராணவாயு குறைந்த விழித்திரை வி.இ.ஜி.எஃப்.பை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் பலவீனமான குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. அதைத் தடுக்கும் மருந்தை இன்று கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள்.

வலைக்குள் தடையும் உண்டு. புற்றுக்கட்டி பெருகப் புதிய குழாய்கள் தேவை என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். 1997இல் அவரது குழுவினர், பதினெட்டாம் வகைக் கொலாஜனின் ஒரு துண்டாகிய எண்டோஸ்டாட்டின் அந்த வளர்ச்சியை அடக்குவதை அறிவித்தார்கள். எலிகளில் கட்டிகள் சுருங்கின. 1998இல் செய்தித்தாள்கள் பெரும் நம்பிக்கை ஊட்டின. மனிதரிடம் அதே பலன் கிடைக்கவில்லை. ஆயினும் அதன் மாற்றிய வடிவம் ஒன்றை 2005இல் சீனா நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதித்தது.

ஆகவே சர்க்கரை நோயுள்ளவர்கள் தினமும் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணைப் பரிசோதியுங்கள். வலை முற்றிலும் சிதையுமுன் வந்தால் காலையும் காக்கலாம், கண்ணையும் காக்கலாம்.